மூக்குக்கு வைத்த சந்தனம்

"ஏண்டி, மோட்டாருக்கு நீ வச்சது பொட்டா, இல்ல செவுத்து ஓட்டைய அடைக்கிற சிமெண்டா?"

மோட்டார் கொட்டகைக்குள் இருந்து சோணை போட்ட சத்தம் வாசல்வரை வந்தது. விஜயதசமிக் காலை. அவன் மனைவி சின்னத்தாய் வாசலில் உட்கார்ந்து, நேற்று ஆயுத பூசைக்குச் சந்தனம் குழைத்த பித்தளைக் கிண்ணத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வருசத்துக்கு ஒரு நாள் வைக்கிற பொட்டு. அதுக்குமா நொட்டை சொல்லுவீக?"

"பொட்ட யாரு வேணாங்கா? சுவிச்சுப் பெட்டியில காத்துப் போறதுக்குன்னு இருக்கிற ஓட்டையில எல்லாம் அப்பி வச்சிருக்கியே. ஆணிய விட்டு நோண்டுறேன், அசைய மாட்டேங்குது. என்னத்தடி கலந்த?"

"மைதா மாவும் வேலம்பிசினும். மில்லுல எண்ணெப் பிசுக்கு மேல வெறும் சந்தனம் நிக்க மாட்டேங்குது. வச்ச நிமிசம் வழுக்கிருது. அதான் ஒட்டட்டும்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். கிண்ணத்தின் அடியில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். நகந்தான் வலித்தது.

"அடியே, பேசிட்டே இருந்தவ வாயில என்ன கொழுக்கட்டையா?"

"மணி என்ன இருக்கும்?"

"இப்பத்தான் ரேடியோவுல எட்டரைன்னான். ஏன்?"

"நான் மில்லுக்குப் போறேன்."

"உன்னைய மத்தியானந்தான வரச் சொன்னாக?"

"வெளக்கமாத்த வெளியில போட்டுட்டு வந்துட்டேன்."

"வெளக்கமாத்துக்கா இந்த ஓட்டம்?" என்று சோணை சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கையில் ஒட்டியிருந்த புளியைக்கூடக் கழுவாமல் தெருவில் இறங்கிவிட்டாள்.

வில்லாபுரத்தைத் தாண்டித் தெற்கே போனால் கண்மாய். கண்மாய்க்கு மேற்கே, மேட்டில், துணி வெளுக்கிற மில். கண்மாய்க்குக் கீழே கிழக்கே வயல்கள். அதில் ஒன்றரை ஏக்கர் சோணையுடையது. மேட்டில் என்ன கொட்டினாலும் பள்ளத்துக்குத்தானே வரும்? இரண்டு வருஷத்துக்கு முன்னால் மில்லின் கழிவுத் தண்ணீர் ஓடை வழியாகக் கண்மாய்க்குள் வந்து, ஒரே ராத்திரியில் கெண்டையும் கெளுத்தியுமாக வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. நாற்று நுனி தீய்ந்து நின்றது. ஊர் கூடிப் போய்ச் சண்டை போட்டது. மில்லுக்காரர்கள் சமாதானம் சொன்னார்கள். ஊர் கொஞ்ச நாள் முறைத்துவிட்டு அடங்கிப்போனது.

அப்புறம் போன கார்த்திகையில் போபால் விஷவாயுச் செய்தி வந்தது. பேப்பரில் வந்த படத்தை டீக்கடையில் ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிப் பார்த்தார்கள். கண் மூடாமல் செத்துக் கிடந்த ஒரு குழந்தையின் முகம். அன்றைக்கு ஊரில் யாரும் சண்டை போடவில்லை. பேசாமல் போய் மில் வாசலில் உட்கார்ந்தார்கள். அதற்குத்தான் மில்லுக்காரர்கள் பயந்தார்கள்.

மூன்று மாசத்தில் பம்பாயிலிருந்து அந்த மெஷின் வந்தது. கூடவே ஒரு இன்ஜினீயரும் வந்தார். ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். தரை கூட்டுகிறவளாகச் சின்னத்தாயும் ஓரத்தில் நின்று கேட்டாள்.

"இதப் பெட்டின்னு நெனைக்காதீங்க. இது மூக்கு," என்றார் இன்ஜினீயர். "குளோரின் வாயு காத்தை விடக் கனம். தண்ணி மாதிரி தரையோட ஊரும். அதான் மூக்கை முழங்கால் உசரத்துல வச்சிருக்கோம். மனுஷன் மோந்து பாக்கிறதுக்கு முந்தி இது மோந்துரும். மோந்தா மூணு வேலை செய்யும். சிலிண்டர்லேருந்து வர்ற குழாயை மூடும். மேலேருந்து சோடா கலந்த காரத் தண்ணியைத் தெளிச்சு, வெளிய வந்த வாயுவைக் குடிச்சிரும். ஓடைக்குப் போற மதகுப் பலகையை இறக்கி, அந்தத் தண்ணி கண்மாய்க்குப் போகாம தொட்டிக்குள்ளயே நிறுத்தும். சங்கும் ஊதும்."

"யாரு சுவிச்சுப் போடணும்?" என்று கேட்டது சோணைதான்.

"யாரும் போட வேண்டாம். தூங்குறவன், குடிச்சவன், பயந்து ஓடுறவன், யாரையும் நம்பி இது இல்ல."

அந்த ஒரு பதிலில்தான் ஊர் இறங்கி வந்தது. மில்லை ஓடவிடச் சம்மதித்து எழுதிய ஒப்பந்தத்தில் முதல் கைநாட்டு சோணையுடையது.

நேற்று சாயங்காலம் அந்த மூக்குக்குத்தான் சின்னத்தாய் சந்தனம் வைத்தாள். எல்லா மெஷினுக்கும் வைத்து முடித்து, கிண்ணத்தின் அடியில் ஒரு உருண்டை மிச்சம் இருந்தது. பம்பாயிலிருந்து வந்த சாமான், ஊரைக் காக்கிற சாமான், அதற்குப் பெரிதாக வைப்போமே என்று மொத்த உருண்டையையும் எடுத்து, பெட்டியின் நடுவில் வட்டமாகச் சல்லடைபோல் இருந்த இடத்தில் கட்டைவிரலால் அழுத்தி, நடுவில் குங்குமமும் வைத்தாள். வட்டம் பொட்டுக்கென்றே செய்ததுபோல இருந்தது. இன்று காலை நல்ல நேரம் பார்த்துப் புதுக் குளோரின் சிலிண்டரைத் திறப்பதாகப் பேச்சு.

கரையில் ஏறி நடந்தாள். ஐப்பசி மழைக்குக் கண்மாய் முக்கால்வாசி நிறைந்திருந்தது. கீழே வயலில் பத்துப் பதினைந்து பெண்கள் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாண்டியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னத்தா, பண்டிகைக்குப் புருசன் சேலை எடுத்துத் தரலைன்னு கோவிச்சுட்டு ஆத்தா வீட்டுக்கு ஓடுறியா?"

"மதினி, காத்து எங்கிட்டு அடிக்குது?"

"இதென்னடி கேள்வி?"

"சொல்லுங்க மதினி. எங்கிட்டு?"

பாண்டியம்மாள் முந்தானையைப் பார்த்தாள். "மேக்க இருந்து. நம்ம பக்கந்தான் அடிக்குது. மழை வரும் போல. ஏண்டி, மூஞ்சி ஏன் இப்புடி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. நீங்க... கொஞ்ச நேரம் கரைக்கு மேல ஏறி நின்னுக்குங்களேன்."

"ஏறி நின்னா களையை உங்க மாமியாளா வந்து எடுப்பா?"

பெண்கள் சிரித்தார்கள். சின்னத்தாய்க்கு அவர்களிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் காவலுக்கு வைத்த மூக்கை நான் அடைத்துவிட்டேன் என்று சொல்லவா? ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவன் பெண்டாட்டி நான் என்று சொல்லவா? இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. அடைத்ததை எடுத்துவிட்டால் போதும். யாருக்கும் தெரிய வேண்டாம். கூட்டுகிற சாக்கில் உள்ளே போய், நாலு சுரண்டு சுரண்டிவிட்டு வந்துவிடலாம்.

அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனாள்.

மில் கேட்டில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. வாட்ச்மேன் சுருளி நெற்றி நிறைய விபூதியும் கையில் பொரிப் பொட்டலமுமாக உட்கார்ந்திருந்தார்.

"வா தாயி. பொரி மிச்சம் இருக்குன்னு மோப்பம் பிடிச்சு வந்துட்டியா?"

"அண்ணே, புது சிலிண்டர் தொறந்தாச்சா?"

"ஆச்சே. ஒம்பதே காலுக்கு நல்ல நேரம். டாண்ணு ஒம்பதே காலுக்குப் பசுபதி தம்பி தொறந்திருச்சு. சூடம் காட்டுனது நாந்தேன்."

"இப்ப மணி?"

"ஒம்பதரை."

கால் மணி நேரம். அவள் கரையில் நின்று காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம்.

"சூப்பர்வைசர் ஹாலாஸ்யம் சார் இருக்காகளா?"

"அவுக பேரனுக்கு இன்னைக்கு நெல்லுல எழுத்து எழுதப் போடுறாகள்ல? பத்து மணிக்கு மேலதான் வருவாக. என்ன சங்கதி? பொரி வேணாமா? ஏ சின்னத்தாயி!"

அவள் உள்ளே ஓடினாள்.

சிலிண்டர் கொட்டகை மில்லின் கிழக்கு ஓரத்தில் தனியாக இருந்தது. முழங்காலுக்கு மேல் வரும் குட்டைச் சுவர், அதற்கு மேல் கூரைவரை கம்பி வலை. வாசலிலும் அதே உயரத்துக்கு ஒரு தடுப்பு. தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். பக்கத்தில் மேடைமேல் ஒரு சின்ன ரூம். அதில் உட்கார்ந்து முள்களைப் பார்த்துக்கொண்டிருப்பவன் பசுபதி. பாலிடெக்னிக் படித்தவன். கல்யாணமாகி ஆறு மாசம்தான் ஆகியிருந்தது.

உள்ளே போகக் கூடாது என்று வாசலில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. வாயு ஓடும்போது பூட்டு, சாவி பசுபதியிடம். கூட்டுகிற சாக்கு இங்கே செல்லாது. இதை எப்படி மறந்தாள்?

மேடை ஏறினாள். ரூமுக்குள் சாம்பிராணிப் புகை இன்னும் கலையவில்லை.

"என்னக்கா, மத்தியானம் வரச் சொன்னா விடியலேயே வந்து நிக்கிறீங்க? உங்களுக்குத்தான் இந்த வருஷம் நல்ல தொழிலாளி பரிசு."

"தம்பி, கொட்டகைச் சாவியக் குடுங்க."

"அதெல்லாம் குடுக்க முடியாது. வாயு ஓடுது."

"ஒரு நிமிசம். நேத்து... சந்தனக் கிண்ணம்..." பொய் வாயில் வந்தது. கிண்ணத்தை உள்ளே மறந்துவிட்டேன் என்று சொன்னால் சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்பான். சாயங்காலம்!

"என்ன கிண்ணம்?"

"தம்பி, நான் மூக்குக்குச் சந்தனம் வச்சுட்டேன்."

பசுபதிக்குப் புரியவில்லை. "யாரு மூக்குக்கு?"

"மெஷின் மூக்குக்கு. அந்தச் சல்லடை மேல. உருண்டையா. மைதாவும் பிசினும் போட்டது. கல்லாக் கிடக்கும் இப்ப. எங்க வீட்டு மோட்டார்ல ஆணிய விட்டு நோண்டுனாலும் வரலை."

அவன் சிரிக்கத்தான் ஆரம்பித்தான். முன்னால் இருந்த பலகையைக் காட்டினான். "பாருங்க, பச்சை லைட் எரியுதா இல்லையா? ஏதாச்சும் கோளாறுன்னா மஞ்சள் லைட் வரும். வாயு வந்தா சிவப்பு. மெஷின் நல்லா இருக்குன்னு மெஷினே சொல்லுது. நீங்க ஏன்க்கா..."

"அதுக்கு எப்புடித் தெரியும் தம்பி? மூக்கப் பொத்திக்கிட்டு நின்னா நாத்தம் இல்லைன்னுதான சொல்லும்?"

பசுபதியின் சிரிப்பு அப்படியே நின்றது. பச்சை விளக்கைப் பார்த்தான். நேற்று பார்த்த அதே பச்சை. நல்ல வெளிச்சமாகத்தான் எரிந்தது.

"சிலிண்டர் மாட்டுறப்ப நவச்சார பாட்டில் காட்டிப் பாத்தீகளா?" என்று கேட்டாள். இரண்டு வருஷமாகக் கூட்டுகிறவளுக்கு அது தெரியும். இணைப்பில் எங்காவது கசிந்தால், பக்கத்தில் அந்த அம்மோனியா பாட்டிலைத் திறந்து காட்டினதும் வெள்ளையாகப் புகையும். முன்பெல்லாம் ஒவ்வொரு சிலிண்டருக்கும் காட்டுவார்கள்.

பசுபதி எட்டிக் கொட்டகையைப் பார்த்தான்.

"தம்பி?"

"நல்ல நேரம் போயிரும்னு சுருளியண்ணே அவசரப்படுத்துனாரு. மூக்குதான் இருக்கேன்னு... விட்டுட்டேன்."

அவன் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தான். அவசரத்தில் சாவி கீழே விழுந்தது. அவள் எடுத்துக் கொடுத்தாள்.

"ஒண்ணும் இருக்காதுக்கா. நாத்தம் ஏதும் வரலையே. உங்களுக்கு வருதா?"

"நமக்கு எப்ப வராம இருந்துச்சு? தினமும் இந்த நாத்தத்துக்குள்ளதான கிடக்கோம். இதுல சாம்பிராணி வேற."

"முகமூடி சார் பீரோவுல இருக்கு. சாவி அவர்கிட்ட."

"அவுக பேரன் எழுதி முடிக்கட்டும்னு உக்காந்திருக்கவா?"

குழாயடியில் முந்தானையை நனைத்து மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டினாள். ஊர்க்காரர்களுக்கு இன்ஜினீயர் சொல்லிக் கொடுத்ததுதான். பசுபதி கைக்குட்டையை நனைத்துக் கட்டிக்கொண்டு பூட்டைத் திறந்தான்.

தடுப்பைத் தாண்டிக் கால் வைத்தபோது ஒன்றுமே தெரியவில்லை. நெஞ்சு உயரத்தில் மேற்குக் காற்று வலைக்குள் புகுந்து போய்க்கொண்டிருந்தது. வரிசையாக சிலிண்டர்கள். நேற்று அவளே போட்ட அரளி மாலைகள். புது சிலிண்டருக்குப் பெரிய மாலை, தரையைத் தொடுகிற மாதிரி.

"நீங்க வாசல்லயே நில்லுங்க தம்பி. நான் சுரண்டிட்டு வந்துர்றேன்."

"சீக்கிரம்க்கா."

தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவிக்கொண்டாள். மூக்கு இருந்த தூணுக்கு முன்னால் போய் நின்றாள். சந்தனம் பொன் நிறத்தில், நடுவில் குங்குமத்தோடு, நேற்று வைத்த அழகு குறையாமல் இருந்தது. குனியப் போனவள் அப்போதுதான் அந்த மாலையைப் பார்த்தாள்.

மேலே இருந்த அரளியெல்லாம் சிவப்பு. கீழே இருந்ததெல்லாம் வெள்ளை.

அவள் வெள்ளை அரளி கோக்கவே இல்லை. ஒரே கூடைப் பூ, அத்தனையும் சிவப்பு. முழங்கால் உயரத்தில் கோடு போட்டதுபோல நிறம் மாறியிருந்தது. கோட்டுக்குக் கீழே பூவெல்லாம் சாம்பிப் போன வெள்ளை. அங்கே தரையோடு, லேசான பச்சை மஞ்சளாக ஏதோ தேங்கிக் கிடந்தது. குட்டைச் சுவர் நாலு பக்கமும் தாங்கிக்கொண்டிருக்க, தொட்டித் தண்ணீர் மாதிரி. அவள் அதற்குள்தான் நின்றுகொண்டிருந்தாள்.

மூலையில் ஓடைக்குப் போகிற மதகு திறந்தே இருந்தது. மேலே தூக்கிய பலகை தூக்கிய இடத்தில் இருந்தது. அந்த மதகுக்கு அந்தப் பக்கம் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் கண்மாய். அதற்குக் கீழே குனிந்த தலைகள். காத்து நம்ம பக்கந்தான் அடிக்குது.

"அக்கா! என்ன நின்னுட்டீங்க?"

பதில் சொல்ல மூச்சு வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடி உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் கண்ணுக்குள் மிளகாய்த்தூள் அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. மூடின இமைக்குள்ளேயே எரிந்தது. கையால் தடவி மேட்டைக் கண்டுபிடித்து ஊசியைக் குத்தினாள். வழுக்கியது. இன்னொரு குத்து. ஒரு சில்லு பெயர்ந்தது. பிசின் வேலை செய்திருந்தது. நல்ல பிசின், அவளே காய்ச்சியது. நெஞ்சு வெடிப்பதுபோல இருந்தது. மூச்சு விடாதே, விடாதே. சல்லடை ஓரத்தில் ஊசியை நுழைத்து நெம்பினாள். ஊசி வளைந்தது. நகத்தை விட்டாள். நகம் பிய்ந்ததும் சந்தனம் பெயர்ந்ததும் ஒரே நேரத்தில்.

பெயர்ந்த கணமே சங்கு ஊதியது.

அது ஊதிய விதம், காத்திருந்து காத்திருந்து வாயைப் பொத்தியிருந்த கையை யாரோ எடுத்ததும் கத்துகிற மாதிரி. அவள் பயந்து மூச்சை இழுத்துவிட்டாள். தொண்டைக்குள் நெருப்பு இறங்கியது. குழாயில் "டக்" என்று ஒரு சத்தம். மூலையில் பலகை கீழே விழுந்து மதகை அடைத்தது. மேலே இருந்து காரத் தண்ணீர் சோவென்று கொட்டியது. யாரும் ஒரு சுவிச்சைத் தொடவில்லை.

பசுபதி கையைப் பிடித்து இழுத்தது தெரிந்தது. தடுப்பில் முட்டி மோதியது தெரிந்தது. அப்புறம் குழாயடியில் யாரோ வாளி வாளியாகத் தலையில் ஊற்றினார்கள். இருமி இருமி வாந்தி எடுத்தாள்.

"கண்ணத் தொற தாயி, தண்ணி படட்டும்," சுருளியின் குரல். "மூச்ச மெல்ல விடு. பொரி குடுத்தப்பவே உக்காந்திருக்கலாமுல்ல?"

"ஓடைக்கு... போச்சா?"

"என்ன?"

"தண்ணி ஓடைக்குப் போச்சாண்ணே?"

பசுபதியும் இருமிக்கொண்டிருந்தான். "இல்லக்கா. பலகை விழுந்துருச்சு. தண்ணி பூரா தொட்டிக்குள்ள நிக்குது. ஒரு சொட்டு போகல."

"அதுக்கு முந்திப் போன வாயு?"

அவன் கண்மாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

சங்கு கேட்டதும் காற்றுக்குக் குறுக்கே ஓட வேண்டும், மேட்டுப் பக்கம் போக வேண்டும் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். வயலில் இருந்த பெண்கள் அப்படித்தான் ஓடிக் கரையேறினார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் நனைத்த துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு மில்லை நோக்கியே ஓடி வந்தான். கேட்டில் யாரும் இல்லாததால் சோணையை யாரும் நிறுத்தவில்லை.

"உசிரோட இருக்கியா?"

அவளுக்குக் கண் திறக்கவில்லை. குரலை வைத்துத் தெரிந்துகொண்டாள். "சங்கு ஊதுனா அங்கிட்டுல்ல ஓடணும்? எதுக்கு இங்க வந்தீக?"

"நீ இங்கதான கிடந்த?"

"கைநாட்டு வச்சவரே சொன்னதக் கேக்கலைன்னா மத்தவங்க எப்புடிக் கேப்பாக?"

"வாயி மட்டும் குறையல," என்றான் சோணை. அவன் குரல் அழுகிற மாதிரி இருந்தது. "வெளக்கமாறு கெடச்சுச்சா?"

ஹாலாஸ்யம் வந்தபோது பத்தே கால். பட்டு வேட்டி, தோளில் அங்கவஸ்திரம், தலையில் இரண்டு அட்சதை அரிசி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. சங்கு ஊதின சேதியை வழியிலேயே கேட்டு ரிக்‌ஷாவை விட்டு இறங்கி ஓடி வந்திருந்தார். முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கையில் ஒரு சந்தனச் சில்லு.

"வாஷர் சரியா உட்காரலை. அதுல கசிஞ்சிருக்கு. அது இருக்கட்டும். மூக்கு மேல இதை யார் அப்பினது?"

சுருளி பொரிப் பொட்டலத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். சோணை மனைவியைப் பார்த்தான். மோட்டார் கொட்டகையில் தான் போட்ட சத்தத்துக்கு அவள் ஏன் ஓடினாள் என்று அவனுக்கு இப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் ஒரு அடி முன்னால் வந்து அவளுக்கு மறைவாக நின்றுகொண்டான்.

"தள்ளுங்க," என்றாள் சின்னத்தாய். வேலை போனது போனதுதான். இனி ஊரில் யார் முகத்திலும் விழிக்க முடியாது. பாண்டியம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது? "நாந்தான் சார் வச்சேன். பெரிய சாமான்னு பெருசா வச்சேன்."

ஹாலாஸ்யம் அந்தச் சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் குங்குமம். மறுபக்கம் சல்லடையின் அச்சு, தேன்கூடு மாதிரி.

"நான் பாட்டரி பார்த்தேன், விளக்கு பார்த்தேன்," என்றார். தனக்குத்தானே பேசுகிறமாதிரி இருந்தது. "நேத்து ஒவ்வொரு மெஷினுக்கும் தீபாராதனை காட்டினது யாரு? நான்தானே? இதுக்கும் காட்டினேன். நேருக்கு நேர் நின்னு, பொட்டைப் பார்த்துண்டேதான் காட்டினேன். லட்சணமா இருக்குன்னு நெனச்சுண்டேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார், பட்டு வேட்டியோடு, ஈரத் தரையில்.

"நீ வராம இருந்தா சாயங்காலம் வரைக்கும் அந்தச் சிலிண்டர் ஓடியிருக்கும்மா. பச்சை விளக்கு எரிஞ்சுண்டே இருந்திருக்கும். நான் ஆத்துல பாயசம் சாப்பிட்டுண்டு இருந்திருப்பேன்."

அவள் வேலை போகவில்லை. இரண்டு நாள் பெரியாஸ்பத்திரியில் கிடந்து வந்தாள். பசுபதி ஒரு நாள். வயலில் பாண்டியம்மாளுக்கும் இன்னும் மூன்று பேருக்கும் கண் எரிச்சல், இருமல். அதோடு போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, வீட்டுக்குப் போகாமல் கண்மாய்க்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். மதகடியில் உட்கார்ந்து தண்ணீரைக் கையில் அள்ளி மோந்தாள். சேற்று வாடை, பாசி வாடை. சோணை ஒரு கை பொரியைத் தண்ணீரில் வீசினான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அந்தக் கொஞ்ச நேரம் அவள் அவன் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் அழுந்தி அவனுக்கு வலித்தது. அப்புறம் ஒரு கெண்டை வந்து பொரியைக் கவ்வியது. இன்னொன்று. தண்ணீர் கலங்குகிற அளவுக்கு வந்தன.

"போதுமா? வீட்டுக்குப் போலாமா?"

"இன்னொரு கை போடுங்க."

ஓடைக்கரையில் மட்டும், மில் சுவரிலிருந்து இருபது அடிக்குப் புல் வெளுத்துக் கிடந்தது. அதற்கு அப்பால் பச்சை. வாயு அந்த இருபதாவது அடியை எட்டியபோதுதான் பலகை விழுந்திருக்கிறது என்று பசுபதி சொன்னான்.

அடுத்த வாரம் ஹாலாஸ்யம் ஒரு புது வேலை போட்டார். தினமும் காலையில் சிலிண்டரைத் திறப்பதற்கு முன்னால், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஒரு துணியை நனைத்து மெஷின் மூக்குக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். அது மோந்து, சங்கு ஊதி, பலகை விழ வேண்டும். விழுந்தால்தான் வேலை ஆரம்பம். விழாவிட்டால் அன்றைக்கு மில் இல்லை, நல்ல நேரமானாலும் சரி. நவச்சார பாட்டிலும் திரும்பி வந்தது.

"யாரு காட்டுறது?" என்று பசுபதி கேட்டான்.

"அது யாருக்கு மறக்காதோ அவா," என்றார் ஹாலாஸ்யம்.

இப்போது தினமும் ஏழரை மணிக்குச் சின்னத்தாய் அந்தத் தூணுக்கு முன்னால் உட்காருகிறாள். துணியைப் பிழிகிறாள். மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் பிடிக்கிறாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." பசுபதி மேடையிலிருந்து எண்ணுவான். பத்துக்குள் ஊத வேண்டும். பெரும்பாலும் ஆறில் ஊதிவிடும். சில நாள், மழை ஈரத்தில், எட்டு ஆகும்.

"ஏன்க்கா, தினமும்தான் ஊதுது. இன்னும் என்ன அப்படி முழிக்கிறீங்க?"

"எண்ணுங்க தம்பி. பேசாம எண்ணுங்க."

ஆறு வந்து, ஏழு வரும்போது அவள் துணியை இன்னும் இறுக்கிப் பிடிப்பாள். சல்லடை ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். கீழே வயலில் யார் யார் இறங்கியிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். வருகிற வழியில் ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டுதான் வருவாள். ஊதுகிறவரைக்கும் மூச்சு விடமாட்டாள். இன்றைக்கு மழை ஈரம்.

"எட்டு," என்றான் பசுபதி.